இடது தட்டில் ஒன்பது ஆண்டுகள்

"உங்க அம்மா வீட்டுல என்னென்ன வேலை பார்ப்பாங்க?"

"வேலையா? எங்கம்மாவா?" ரக்ஷன் சிரித்தேவிட்டான். "நல்லாக் கேட்டீங்க போங்க. ஒரு துரும்பை எடுத்து அக்கட்ட போட உடமாட்டமுங்க."

"சமையல்?"

"நாந்தானுங்க," என்றாள் அவன் மனைவி இலக்கியா.

"வீடு பெருக்கறது, துணி?"

"அதும் நாந்தானுங்க. அத்தைக்குக் காப்பி கூடக் கட்டிலுக்கே போயிரும்."

கேள்வி கேட்ட நிரஞ்சனா, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த சுகந்தியின் பக்கம் திரும்பினாள். சுகந்திக்கு அறுபத்தாறு வயது. வாசலில் நாலு படி ஏறி வந்ததற்கே மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் விசேஷத்துக்குப் போகிற மாதிரி பட்டுக்கரைச் சேலை உடுத்தி, கழுத்து நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"அப்படிங்களாம்மா?"

"என்ற மருமக தண்ணி மோந்து குடிக்கக்கூட உடமாட்டாளுங்க. மகாராணியாட்ட வெச்சிருக்கறா. எங்க அவிநாசில வந்து யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"என்ற தம்பி யுவராஜ் இருக்கறானுங்க. கரண்டு எடுக்கற காத்தாடி மேல ஏறிப் பழுது பாக்கற வேலை பாத்தான். மேலருந்து உழுந்து முதுகுத்தண்டு போச்சுங்க. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது."

"அவரை யாரு பார்த்துக்கறாங்க?"

ஒரு கணம் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரக்ஷன்தான் முந்திக்கொண்டான். "அதுக்கு ஆளு வெச்சிருக்கமுங்க. எங்கம்மாவை அதுக்கெல்லாம் உடுவமுங்களா?"

நிரஞ்சனா வேறொன்றும் கேட்கவில்லை. சுவர்த்திரையில் ஒரு தராசு வந்தது. அந்த அரசாங்க மருத்துவ மையத்தில் அதற்குத் துலாம் என்று பேர். இரண்டு தட்டும் சற்றே ஆடின. பிறகு இடது தட்டு இறங்கத் தொடங்கியது. இறங்கிக்கொண்டே போனது.

"என்னங்க இது, லிப்ட்டு அறுந்தாப்புல எறங்குது?" என்றான் ரக்ஷன்.

"மன்னிக்கணும். ஒட்டு மறுக்கப்பட்டிருக்கு."

ஒட்டு என்றால் நெஞ்சுக்குப் போடுகிற ஒட்டு. நோயாளியின் அணுக்களையே எடுத்து, தாளைப் போல் மெல்லிய தசையாக வளர்த்து, தளர்ந்த இதயத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள். வருடத்துக்கு ஓர் ஊசி போட்டால் அது காயாமல் இருக்கும். சுகந்திக்குப் போட்டால் ஒன்பது ஆண்டு தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போடாவிட்டால் தை பிறப்பதைப் பார்ப்பதே சந்தேகம். சொந்தமாகப் போட்டுக்கொள்வதென்றால் தங்கள் வீட்டை விற்று, அக்கம்பக்கத்து வீட்டையும் விற்றால்தான் ஆகும். அதனால்தான் அரசாங்க ஒட்டுக்கு வந்திருந்தார்கள்.

"ஏனுங்க, ஒட்டுக்கு அத்தனை செலவாகுமுங்களா?" என்று கேட்டாள் இலக்கியா.

"அரசாங்கமே வளர்க்கறதனால ஒட்டோட செலவு கம்மிதான். அதுல பிரச்சினை இல்லை."

"பின்ன?"

நிரஞ்சனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இதைப் பலமுறை சொல்லிப் பழகியவள். ஆனாலும் சொல்வதற்கு முன்னால் ஒருதடவை துடைத்துக்கொள்வாள்.

"முன்னெல்லாம் வைத்தியத்துக்கு என்ன ஆகும், அதுல எத்தனை வருஷம் கிடைக்கும், அவ்வளவுதான் பார்ப்பாங்க. அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு. கிடைச்ச வருஷத்துல அவங்க சும்மாவா இருப்பாங்க? சாப்பிடுவாங்க. முதியோர் உதவித்தொகை வாங்குவாங்க. கண்ணுல புரை வரும், இடுப்பு எலும்பு உடையும், சர்க்கரை வரும். அந்தச் செலவெல்லாம் எதனால வந்துச்சு? இந்த ஒட்டைப் போட்டதனாலதானே?"

"அது எப்பிடிங்க? இடுப்பு ஒடைஞ்சா அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"செத்திருந்தா ஒடைஞ்சிருக்காதே."

சுகந்தி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். நிரஞ்சனா திட்டவில்லை, கேலி செய்யவில்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாள்.

"அப்பிடிப் பாத்தா யாரைக் காப்பாத்தினாலும் நட்டந்தானுங்களே?" என்றான் ரக்ஷன்.

"இடது தட்டு செலவு. அதுக்கு ஈடாத்தான் வலது தட்டு இருக்கு. அவங்க மத்தவங்களுக்கு என்ன செய்யறாங்க, சம்பாதிக்கறது, சமைக்கறது, ஒருத்தருக்கு ஒத்தாசையா இருக்கறது, எல்லாத்தையும் அதுல வைப்போம். அதைத்தாங்க நான் அத்தனை தடவை கேட்டேன். நீங்க மூணு பேரும் சேர்ந்து அந்தத் தட்டைக் கழுவிக் கவுத்து வச்சுட்டீங்க."

"ஐயோ," என்றாள் இலக்கியா.

"மறு விசாரணைக்கு வழி உண்டு. ஒரு வாரம் அம்மா கையில ஒரு பட்டை கட்டுவோம். அவங்க என்ன வேலை செய்யறாங்க, யாருக்குச் செய்யறாங்கன்னு அது பார்த்துக்கும். அதுக்கு வாய் கிடையாது. பெருமை பேசத் தெரியாது."

*

திரும்பி வரும்போது வண்டியை ஓட்ட ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று. அது பாட்டுக்கு அவிநாசி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் வாய்விட்டுச் சண்டை போட முடிந்தது.

"வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புப் பத்தவெக்கறது யாரு? நம்ம ரெண்டு பேருக்கும் டிபன் கட்டறது யாரு?" ரக்ஷன் மனைவியைப் பார்த்துக் கேட்டான். "நாந்தானுங்க, நாந்தானுங்கன்னு எல்லாத்துக்கும் தலையாட்டற!"

"மொதல்ல துரும்பு கிரும்புன்னு ஆரம்பிச்சது யாரு? நீங்க. அதுக்கப்பறம் 'இல்லீங்க, எங்கத்தைதான் நாயாட்ட ஓடியாடி வேலை செய்யறாங்க, நான் உக்காந்து திங்கறனுங்க'ன்னு சொல்லச் சொல்றீங்களா? அந்தம்மா என்னைய என்ன நெனைப்பாங்க?"

"என்ன வேணா நெனைச்சிட்டுப் போறாங்க!"

"அவளைத் திட்டாத," என்றாள் சுகந்தி. "நானும்தான் மகாராணின்னேன்."

வீட்டில் அது எழுதாத ஏற்பாடு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சுகந்தி கரண்டியை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். இலக்கியா அந்தக் கரண்டியை எடுத்துக்கொள்வாள். வந்தவர்கள் காப்பி குடித்து, மருமகளை மெச்சிவிட்டுப் போனதும் கரண்டி கை மாறிவிடும். இதில் ஏமாற்றியவரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை. அந்தப் பக்கத்தில் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இப்படித்தான். மாமியாரை வேலை வாங்குகிற வீடு என்ற பேர் வந்தால் இருவருக்குமே கேவலம்.

"மாமாவுக்கு ஆளு வெச்சிருக்கோம்னு வேற அளந்துட்டேன்," என்றான் ரக்ஷன். அவன் குரல் இறங்கியிருந்தது. "பதனொரு வருசமா மாமாவைத் திருப்பிப் போட்டு, தொடைச்சு, கஞ்சி ஊட்டி, எல்லாம் நீதான் பண்ற. அது ஒண்ணைச் சொல்லியிருந்தாலே வலது தட்டு எறங்கியிருக்கும்."

"இப்பத்தான் பட்டை கட்டிட்டாங்கல்ல. அது பாத்துக்கும், உடு," என்றாள் சுகந்தி. மணிக்கட்டில் இருந்ததை வளையலைப் போலத் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

*

யுவராஜுக்குக் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். விழ முடியாதவன் என்பதால் தலை மட்டும் தலையணையில் இப்படியும் அப்படியும் உருண்டது.

"அப்ப இந்த வாரம் நாந்தான் உனக்குப் பெரிய வரவு, அக்கா. நான் கூப்புட்டுட்டே இருக்கறேன், நீ வந்துட்டே இரு."

"என்ற நெஞ்சு இருக்கற நெலமைக்கு ஓடியெல்லாம் வர முடியாதுடா."

"நடந்தே வா. பட்டைக்கு என்ன அவசரம்? அக்கா, தண்ணி! அக்கா, பேனைப் போடு! அக்கா, மூக்கு அரிக்குது!"

"மூக்கு நெசமா அரிக்குதா?"

"இது நெசம்."

அந்த வாரம் இலக்கியா பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் தையலில் உட்கார்ந்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பக்கத்து மிஷின்காரி மூச்சு வாங்குவாள். அப்படிப்பட்டவளுக்குச் சும்மா உட்காருவது பெரும் தண்டனையாக இருந்தது. அத்தை குனிந்து பெருக்கும்போது மூச்சு இரைக்கும். எழுந்து ஓடிப்போய் விளக்குமாற்றைப் பிடுங்கலாம் என்று கை துறுதுறுக்கும். பிடுங்கினால் பட்டைக்குத் தெரிந்துவிடும்.

நடு வாரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஷர்மிளா பெரியம்மா வந்து நின்றாள். சுகந்தியின் காலஞ்சென்ற கணவருக்கு அண்ணி. மேற்கில் மழை பெய்தாலும் கிழக்கே போய்ச் சொல்லிவிட்டு வருகிற வாய். செருப்புச் சத்தம் கேட்டதும் சுகந்தியின் கை பழக்கத்தில் விளக்குமாற்றைக் கீழே போட்டது. இலக்கியா பழக்கத்தில் பாதி எழுந்தாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"பெருக்குங்க அத்தை," என்றாள்.

பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏனம்மிணி, என்ன நடக்குது இங்க? சீக்காளி கூட்டறா, சீமாட்டி உக்காந்திருக்கறயா?"

"ஆமாங் பெரிம்மா. உக்காருங்க. அத்தை, பெரிம்மாளுக்குக் காப்பி வெச்சுட்டு வாங்க."

"அடக் கெரகமே! நாக்கு கூசலியா உனக்கு? ஊரெல்லாம் உன்னையத் தங்கம் தங்கம்னாங்க. பித்தாளைன்னு இப்பத்தான தெரியுது."

"பித்தாளைன்னே வெச்சுக்கங்க. சக்கரை எத்தனை கரண்டிங்க பெரிம்மா?"

சுகந்தி காப்பியோடு வந்தபோது மருமகளின் கண்ணைப் பார்த்தாள். அது கலங்கியிருந்தது. பட்டையைப் பற்றிச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் பெரியம்மா, "ஐயோ பாவம், எந்திரி சுகந்தி, நான் பெருக்கறேன்," என்று விளக்குமாற்றை வாங்கிக்கொள்வாள். அதனால் இருவரும் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா காப்பியைக் குடித்தாள். குடித்த கையோடு அதே தெருவில் நாலு வீட்டுக்குப் போனாள்.

"அங்க நடந்ததையெல்லாம் கேட்டனம்மிணி," என்று யுவராஜ் கூப்பிட்டுச் சொன்னான். "என்னைய மாதிரி படுத்திருந்தாக்கூட உனக்கு இந்தப் பேரு வந்திருக்காது."

"சும்மா இருங்க சித்தப்பா," என்றாள் இலக்கியா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

*

மறு விசாரணைக்குப் போகும்போது மூவரும் இந்தமுறை உண்மையை மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள்.

"சமையல், கூட்டறது, பாத்திரம், துணி, எல்லாம் எங்கத்தைதானுங்க," என்றாள் இலக்கியா. "கல்யாணமாகி வந்ததுலருந்து நான் ஒரு ரசம் வெச்சதில்லீங்க. எங்கத்தை போயிட்டா அந்த வீட்டுல அடுப்பெரியாதுங்க. எனக்கு வெக்கமொண்ணும் இல்லீங்க இதச் சொல்ல."

"அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்ங்க," என்றான் ரக்ஷன். "எங்க மாமாவுக்கு ஆளெல்லாம் வெக்கலீங்க. எல்லாம் எங்கம்மாதான்."

நிரஞ்சனா தலையசைத்தாள். "பட்டையும் அதைத்தான் சொல்லுது."

திரையில் தராசு வந்தது. வலது தட்டு அசைந்தது, இறங்கியது. சமையல் இறங்கியது, வீட்டு வேலை இறங்கியது. ரக்ஷன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு தட்டும் ஏறக்குறைய நேர்க்கோட்டுக்கு வந்தன.

அப்புறம் இடது தட்டில் ஏதோ வந்து விழுந்தது. முதல் தடவையைவிட வேகமாக அது கீழே போயிற்று. திரையின் விளிம்பைத் தொட்டு நின்றது.

"எந்திரம் கெட்டுப்போச்சுங்களா?" என்றான் ரக்ஷன்.

நிரஞ்சனா கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

"உங்க தம்பி மாதிரி அடிபட்டவங்க, சாதாரணமா மூணு வருஷம், நாலு வருஷம் இருப்பாங்க. படுக்கைப்புண் வரும், நுரையீரல்ல சளி கட்டும். இவருக்குப் பதினோரு வருஷமா ஒரு புண் கூட இல்லை."

"இல்லீங்க. வந்ததே இல்லீங்க," என்றாள் சுகந்தி. அவள் குரலில் பெருமை இருந்தது.

"காரணம் நீங்கதான். நீங்க இருக்கற வரைக்கும் அவரும் இருப்பாரு. இன்னும் ஒன்பது வருஷம் நீங்க இருந்தா, இன்னும் ஒன்பது வருஷம் அவரும்." அவள் நிறுத்தினாள். "அவருக்கான மருந்து, குழாய், ஆஸ்பத்திரி, உதவித்தொகை. ஒன்பது வருஷத்துக்கு. அது உங்க ஒட்டால வர்ற செலவு."

யாருக்கும் உடனே புரியவில்லை. முதலில் புரிந்தது சுகந்திக்குத்தான். ஏற்கெனவே வெளுத்திருந்த முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்தது.

"நான் செத்தா... அவனும் செத்துருவான். அது மிச்சம்ங்கறீங்க."

"நான் சொல்லலைம்மா. துலாம் சொல்லுது."

"அம்மிணி, நான் அவனை நல்லாப் பாத்துக்கறதுதான் தப்புங்கறீங்களா?"

"தப்புன்னு இல்லை. செலவு."

"ஒரு வார்த்தை கேக்கறேன்," என்றான் ரக்ஷன். "அன்னிக்கு ஆளு வெச்சிருக்கோம்னு சொன்னம் பாருங்க. அந்தப் பொய்யை மட்டும் அப்பிடியே உட்டிருந்தா?"

நிரஞ்சனா கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். "அன்னிக்கே சமையலை மட்டும் திருத்தியிருந்தீங்கன்னா பட்டையே கட்டியிருக்க மாட்டோம், இன்னேரம் ஒட்டு கிடைச்சிருக்கும்."

இலக்கியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப என்னங்க வழி?"

"இரண்டு வழி இருக்கு. தம்பியை அரசாங்க இல்லத்துல சேர்க்கலாம்."

"அங்க போனா எத்தனை நாளைக்கு இருப்பான்?"

நிரஞ்சனா திரையைப் பார்த்தாள். "இன்னொண்ணு, வேற ஒருத்தர் அவரைப் பார்த்துக்கற பொறுப்பை ஏத்துக்கணும். சொந்தக்காரங்களா இருக்கணும், ஆளு வச்சிருக்கோம்னு ஒரு தடவை பொய் சொன்னவங்களுக்குக் கூலிக்கு வர்றவங்க கணக்கில்லை. அப்ப அவரோட உயிர் உங்களால நிக்கலைன்னு ஆயிடும். அவரோட செலவு உங்க தட்டைவிட்டு அவங்க தட்டுக்குப் போயிடும்."

"அவங்க தட்டுன்னா?"

"நாளைக்கு அவங்களுக்கு ஒரு புற்றோ, நெஞ்சு நோயோ வந்து இங்க வந்து உட்கார்ந்தா, அந்த எடை அவங்க இடது தட்டுல இருக்கும்."

ரக்ஷன் வாயைத் திறந்தான். அம்மாவின் நெஞ்சு நோய் தனக்கும் வரலாம் என்று டாக்டர் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னது அந்த நொடியில் அவனுக்கு ஞாபகம் வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. சொல் வரவில்லை. அது வராததைப் பக்கத்திலிருந்த இருவரும் பார்த்தார்கள்.

"என்ற பேரைப் போட்டுக்கங்க," என்றாள் இலக்கியா.

"வேண்டாஞ் சாமி," சுகந்தி அவள் தோளைப் பிடித்தாள். "நீ வாழற புள்ளை. நான் ஆண்டு அனுபவிச்சவ. வா, ஊட்டுக்குப் போலாம்."

"போயி? தை மாசத்துல ஒண்ணு, மாசியில ஒண்ணுன்னு ரெண்டு பேரைத் தூக்கறதுக்கா? சும்மா இருங்கத்தை. பித்தாளைன்னு பேரெடுத்தாச்சு. இனி என்ன பயம்?"

"இலக்கியா," என்றான் ரக்ஷன்.

"நீங்க பேசாதீங்க," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நிரஞ்சனா எல்லாவற்றையும் ஒருமுறை விளக்கினாள். பட்டை சுகந்தியின் கையிலேயே இருக்கும். ஒவ்வொரு வருடமும் ஊசிக்கு முன்னால் அதைப் பார்ப்பார்கள். தம்பிக்கு அவள் ஊட்டக் கூடாது, திருப்பக் கூடாது, துடைக்கக் கூடாது.

"பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள் சுகந்தி.

"பார்க்கலாம். பேசலாம். கை படக் கூடாது. ஒரு தடவை பட்டாலும் பதிவாயிடும், ஊசியை நிறுத்திடுவாங்க. ஊசி நின்னா ஒட்டு காய்ஞ்சிடும், அதுக்கப்புறம் ஒரு மாசம் தாங்காது."

*

ஒட்டுப் போட்ட சுகந்தியைப் பார்த்தவர்கள் நம்பவில்லை. மாடிப்படியில் நிற்காமல் ஏறினாள். அரிசி மூட்டையை ஒற்றை ஆளாக நகர்த்தினாள். குக்கர் சத்தம் வருவதற்குள் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துவிட்டாள். ராத்திரி படுத்தால், நெஞ்சு காதுக்குள் கொட்டு அடிப்பதுபோல் அடிக்கிறது என்று சிரித்தாள்.

யுவராஜின் அறைக்கு வந்தால் மட்டும் வாசற்படியோடு நின்றுவிடுவாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வாள்.

"இடுப்புக்கு அடியில கைய உடு கண்ணு. இல்லே, இன்னும் கீழ. முட்டியை மடக்கிட்டுத் திருப்பு."

"இப்பிடிங்களா அத்தை?"

"அப்பிடித்தான். தோளை இழுக்காத, அவனுக்கு அங்க வலிக்கும்."

"எனக்கு அங்கதான் வலிக்கும்னு கண்டுபிடிக்க எங்கக்காளுக்கு ஆறு மாசமாச்சு," என்றான் யுவராஜ். "நீ ஆறு நாள்ல கத்துக்கோணுமாமா. பாவம்."

இலக்கியாவுக்குக் கை பழகவில்லை. துணியை நேர்க்கோட்டில் தைக்கிற கைக்கு உடம்பு பிடிபடவில்லை. ஆனாலும் காலையில் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை, மத்தியானம் வண்டி பிடித்து வந்து ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. ரக்ஷன் தண்ணீர் கொண்டு வந்து வைப்பான், துணி மாற்றிக் கொடுப்பான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவன் சந்தைக்குப் போயிருந்தான். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. இலக்கியா கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். சுகந்தி படியில் நின்றிருந்தாள்.

"ஏனம்மிணி, நான் போயிட்டா உனக்கு லாபமாமா? உன்ற தட்டு லேசாயிருமாமா?"

"ஆமாங் சித்தப்பா."

"பின்ன எதுக்கு இத்தனை பாடுபட்டு ஊட்டற?"

"நீங்க போயிட்டா உங்கக்கா என்னையத் திட்டுவாங்க. ஒன்பது வருசம் திட்டுவாங்க. அதுவும் இப்ப இருக்கற தெம்புக்கு. அதைத் தாங்க முடியுங்களா?"

யுவராஜ் சிரித்தான். வாயில் கஞ்சி இருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. கண் விரிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை.

"சித்தப்பா? சித்தப்பா! அத்தை, பொறையேறிடுச்சு!"

"ஒருக்களிச்சுப் போடு! சைடுல! கட்டில் ஓரத்துக்கு இழு!"

இலக்கியா இழுத்தாள். கனத்த உடம்பு பாதி திரும்பி, மறுபடி மல்லாந்தது. கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் கஞ்சி. யுவராஜின் உதடு நீலமாகத் தொடங்கியது.

"முட்டியை மடக்கு! முட்டியை!"

"முடியலீங்கத்தை! வழுக்குது! அத்தை, வாங்க! அத்தை!"

சுகந்தி படியில் நின்றாள். அவள் செய்யவேண்டியது நான்கு எட்டு வைத்து, ஒரு கையை அவன் அக்குளுக்குள் கொடுத்து, ஒரே புரட்டு. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். ஆயிரம் முறை செய்திருக்கிறாள், நெஞ்சு கெட்டிருந்த நாளில்கூட. இப்போது நெஞ்சு திடமாக, ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"அத்தை! ஐயோ, அத்தை!"

இலக்கியா கட்டில் மேலேயே ஏறிவிட்டாள். முட்டியைப் போட்டு முட்டுக்கொடுத்து, தன் முழு உடம்பையும் சாய்த்து அவனைப் புரட்டினாள். முதுகில் அறைந்தாள். மறுபடி. மறுபடி. கஞ்சியும் கோழையுமாக ஒரு வாய் வெளியே வந்தது. பிறகு, கிழிகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போயிற்று.

இலக்கியா அப்படியே அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். யுவராஜ் இருமினான். இருமி முடிந்ததும் கண்ணைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தான். அங்கே நின்ற அக்காவின் கால்களைப் பார்த்தான். அவை படிக்கு அந்தப் பக்கமே இருந்தன. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து இலக்கியா தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் கஞ்சி ஒட்டியிருந்தது.

"அத்தை, அத்தனை தடவை கூப்புட்டனே. காதுல உழுகலீங்களா?"

சுகந்தி அவளைப் பார்த்தாள்.

"உழுந்துச்சு கண்ணு," என்றாள்.